மூன்று விலைமனுக்களும் ஒரு புரொசெசரும்

கண்டி மாநகரிலும் அதனைச் சூழவுள்ள பிரதேசங்களிலும் வசிக்கும் சகலருக்கும் இத்தால் அறியத்தருவது யாதெனில்: கட்டுக்கலையில், பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால் மூன்றாவது வீட்டில் வசிக்கும் திருவாளர் செல்லப்பா அவர்கள், தமது ஐம்பத்தோராவது வயதில், விளையாடுவதற்கென வீட்டில் வைக்கவிருக்கும் கொம்பியூட்டருக்குக் குறைந்த விலையில் புரொசெசர் ஒன்றைத் தெரிவுசெய்யத் திருவுளம் கொண்டார். இதையொட்டி மந்திரிமார் எவரும் வரவில்லை. நாடா வெட்டப்படவில்லை. அதற்காக விஷயம் சின்னது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஒரு மனிதனின் ஐந்து நாள் லீவு இதில் மாட்டிக்கொண்டிருந்தது.

லீவின் கதை இதுதான். செல்லப்பா நகரத்து அரசாங்க அலுவலகம் ஒன்றில் முறைப்பாட்டுக் கருமபீடத்தில் இருக்கிறார். இருபத்திரண்டு வருடமாக அதே கதிரை. குழாயில் தண்ணீர் வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை, பக்கத்து வீட்டுக்காரன் கழிவுநீர்க் கானை மறித்துச் சுவர் கட்டிவிட்டான் என்று காலை எட்டரைக்குத் தொடங்குவார்கள். தமிழில் திட்டுவார்கள், சிங்களத்தில் திட்டுவார்கள், படித்தவர்கள் ஆங்கிலத்தில் திட்டுவார்கள். செல்லப்பா மூன்றையும் புத்தகத்தில் எழுதி ஓர் இலக்கம் கொடுப்பார். அவருடைய அதிகாரம் அந்த இலக்கத்தோடு முடிந்துவிடும். பெரஹெர ஊர்வலக் காலத்தில் வீதிகளை மூடுவதால் முறைப்பாடு இரட்டிப்பாகும். இந்த வருடம் பதினொரு நாள் ஓய்வில்லாமல் இருந்ததற்குப் பதிலாக ஐந்து நாள் லீவு கிடைத்தது. செப்டெம்பர் முடிவதற்குள் எடுக்காவிட்டால் கழிந்துவிடும்.

அந்த ஐந்து நாளும் லொறி ஓட்டுவது என்று அவர் முடிவெடுத்திருந்தார்.

நிஜ லொறி அல்ல. போன வருடம், பக்கத்து மேசை மோகனராஜ் தன் மகனை மெல்பேர்னுக்கு அனுப்பும்போது கட்டுகஸ்தோட்டை வீட்டில் ஒரு விருந்து வைத்தான். கூட்டத்துக்குப் பயந்து அறைக்குள் ஒதுங்கிய செல்லப்பாவை மகன் தன் கொம்பியூட்டருக்கு முன்னால் உட்கார வைத்து, "சும்மா ஓட்டிப் பாருங்க அங்கிள்" என்று சொல்லிவிட்டுப் போனான். திரையில் ஒரு லொறி. ஜெர்மனியில் எங்கேயோ ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் கோதுமை மா கொண்டுபோக வேண்டும். நீளமான வீதி, லேசான தூறல், இரண்டு பக்கமும் வயல். சாப்பிடக் கூப்பிடும்வரை அரை மணித்தியாலம் ஓட்டினார். ஊர் வந்து சேரவில்லை. ஆனால் அந்த அரை மணித்தியாலத்தில் ஒரு மனிதர்கூட அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து கணக்குப் பார்த்தாலும் அப்படி ஓர் அரை மணித்தியாலம் அவருக்கு நினைவில் இல்லை.

மகன் போன பிறகு அந்தக் கொம்பியூட்டர் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது. கடைசியில் மோகனராஜே அதை த்ரீவீலில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவிட்டான்.

"செல்லப்பாண்ணே, பொட்டி இருக்கு, போர்ட் இருக்கு, திரை இருக்கு. புரொசெசர மட்டும் மகன் கையோட கொண்டு போய்ட்டான். அத ஒண்ண வாங்கிப் போட்டீங்கன்னா பறக்கும்."

மனைவி பரிமளம் அதைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தாள்.

"இது எதுக்கு நமக்கு?"

"வீட்டுக்கு ஒண்ணு இருந்தா நல்லதுதானே. கரண்ட் பில்லு கட்டலாம்."

"அத நான் போன்லயே கட்டுறேன்ல?"

"பெரிசாத் தெரியும்."

"பில்லு ஏற்கனவே பெரிசாத்தான் தெரியுது" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். லொறியைப் பற்றி அவளிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஒரே மகளும் வத்தளையில் வாழ்க்கைப்பட்டுவிட்டாள். விளையாட்டு என்று சொன்னால் யாருக்காக என்ற கேள்வி வரும்.

லீவுக்கு முந்திய சனிக்கிழமை மாத்தளை பஸ் ஏறி அக்குறணைக்குப் போனார். அபாயாக் கடைக்கும் பேக்கரிக்கும் நடுவில் ஒடுக்கமாக ஒரு கொம்பியூட்டர் கடை. ஒருகாலத்தில் தகப்பன் ரேடியோ திருத்திய கடையை இப்போது மகள் ஜஹானா நடத்துகிறாள். முப்பது வயதைத் தாண்டியவள். மேசையில் ஒரு மடிக்கணினியைக் அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்து வைத்திருந்தாள்.

"செல்லுங்க அங்கிள்." 'சொல்லுங்க' என்பதை அக்குறணையில் அப்படித்தான் சொல்வார்கள்.

செல்லப்பா போனில் எடுத்து வந்த போர்டின் படத்தைக் காட்டினார். அவள் இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"போர்ட் நல்ல போர்ட்தான். கார்ட் ஈக்கா?"

"என்னா கார்டு?"

"கிராபிக்ஸ் கார்ட். திரைக்குப் படம் அனுப்புற சாமான்."

"புரொசெசர் மட்டும்தான் இல்லைன்னு சொன்னாங்க."

"அப்பிடித்தான் எல்லாரும் செல்லுவாங்க. இந்தா பாருங்க, கார்ட் ஈந்த எடம் காலி. அதையும் கழட்டிட்டாங்க." அவள் கண்ணாடி அலுமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து மேசையில் வைத்தாள். "அப்ப ஒங்களுக்கு உள்ளுக்கே படம் ஈக்கிற புரொசெசர் வேணும். எல்லாத்துலயும் அது இல்ல. இது ஆறு கோர். நாப்பத்தி நாலாயிரம். கார்ட் தேவல்ல. எந்த கேம் வெளாடுற?"

பக்கத்தில் ஒரு ஹாஜியார் சார்ஜர் வாங்க நின்றுகொண்டிருந்தார். வெள்ளைத் தாடி, வெள்ளைத் தொப்பி, கையில் குடை. அந்த முகத்துக்கு முன்னால் லொறி ஓட்டப்போகிறேன் என்று சொல்லச் செல்லப்பாவால் முடியவில்லை.

"பொதுவா... எல்லாந்தான்."

"எல்லாம்ன்டா இதுக்குக் கீழ போக ஏலா" என்றாள் ஜஹானா.

விஷயம் இத்தோடு முடிந்திருக்க வேண்டும். செல்லப்பா பர்சைக் கையில் எடுத்தும் விட்டார். அப்போதுதான் போன் அடித்தது. பரிமளம்.

"எங்க இருக்கீங்க? அண்ணன் வந்திருக்காரு. கொம்பியூட்டரப் பாத்துட்டு ஒங்களைக் கேக்குறாரு. இந்தா குடுக்குறேன்."

பரிமளத்தின் அண்ணன் ஜனார்த்தனனை இந்த இடத்தில் அறிமுகப்படுத்தாமல் தப்பிக்க வழியில்லை. ஒரு திணைக்களத்தின் கொள்வனவுப் பிரிவில் முப்பத்தொரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். திணைக்களம் அவரை விட்டுவிட்டது, கொள்வனவை அவர் விடவில்லை. எதை வாங்குவதானாலும் மூன்று விலைமனு, ஒரு குழு, ஒரு கோப்பு. அவருடைய வீட்டில் சோறாக்கும் குக்கர் பழுதானபோது புதியது வாங்க ஏழு வாரம் எடுத்தது. அந்த ஏழு வாரத்தில் அவருடைய மனைவி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தன் தங்கச்சி வீட்டில் போய் இருந்துவிட்டாள்.

"மாப்ள, கடையில நிக்கிறீங்களா? எத்தன கடையில கேட்டீங்க?"

"ஒண்ணுலதான் மச்சான். ஆனா இந்தப் புள்ளைக்கு நல்லா வெளங்குது."

"ஒரே ஒரு கடையா!" ஓர் எலும்பு முறிந்த செய்தியைக் கேட்டவர் போல ஜனார்த்தனன் மூச்சை இழுத்தார். "வையுங்க பர்ஸ உள்ளுக்கு. வாங்க வீட்டுக்கு. முறைப்படி செய்வோம்."

பர்ஸ் வெளியே இருப்பது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று செல்லப்பா யோசித்தார். முப்பத்தொரு வருட அனுபவம்.

திங்கட்கிழமை, லீவின் முதல் நாள், காலை பத்து மணிக்குச் செல்லப்பாவின் முன் அறையில் தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழு கூடியது. தலைவர் ஜனார்த்தனன். தொழில்நுட்ப உறுப்பினர், அதே பெரஹெர லீவில் இருந்த மோகனராஜ். மகன் கொம்பியூட்டர் படித்தவன் என்பது தகைமை. பிளேன்டீ கொண்டுவந்த பரிமளத்தைக் குழுவின் செயலாளராக நியமித்தார்கள். செல்லப்பா பாவனையாளர், அதாவது சாமானைப் பயன்படுத்தப்போகிறவர். குழுவில் பாவனையாளருக்கு வாக்கு இல்லை.

ஜனார்த்தனன் புதிய கோப்பு ஒன்றை விரித்தார். 'பெறுகை இலக்கம் 01: மத்திய செயலாக்க அலகு' என்று ஏற்கனவே எழுதி வந்திருந்தார். கையெழுத்து அழகானது. அதைக் குறை சொல்ல முடியாது.

"முதல்ல நோக்கம். எதுக்கு வாங்குறோம்?"

எல்லோரும் செல்லப்பாவைப் பார்த்தார்கள். இப்போதாவது சொல்லியிருக்கலாம்.

"கேம்... அது மாதிரி" என்றார்.

"கேம்னு எழுத ஏலாது மாப்ள. கணக்காய்வுல கேள்வி வரும்."

"யாரு வந்து கணக்காய்வு பண்ணுவாங்க அண்ணே, நம்ம வீட்டுல?" என்று செயலாளர் கேட்டாள்.

"வந்தா?" என்றார் தலைவர். கோப்பில் 'குடும்ப அறிவு மேம்பாடும் இதர தேவைகளும்' என்று எழுதினார்.

அடுத்தது விவரக்கூற்று, அதாவது சாமான் எப்படி இருக்க வேண்டும் என்பது. மோகனராஜ் தொண்டையைக் கனைத்தான். "செவப்புப் பொட்டி, நீலப் பொட்டின்னு ரெண்டு கம்பெனி இருக்கு. இந்த போர்டுக்குச் செவப்பு மட்டுந்தான் போகும்."

"கம்பெனி பேரு எழுதக்கூடாது. ஒருத்தருக்குச் சாதகமாப் போய்டும். 'பொருத்தமான' அப்படின்னு போடுவோம். எத்தன கோர்?"

"ஆறு. பன்னெண்டு த்ரெட். மகன் அப்படித்தான் சொல்லுவான்."

"த்ரெட்னா?"

மோகனராஜ் மின்விசிறியைப் பார்த்தான். "கூட இருந்தா நல்லம்" என்றான். தலைவர் அதையும் எழுதிக்கொண்டார்.

செல்லப்பா மெதுவாக வாய் திறந்தார். "மச்சான், அந்தக் கடையில இருந்த புள்ள சொன்னிச்சி, கார்டு இல்லாததுனால படம் காட்டுறது புரொசெசருக்கு உள்ளுக்கே இருக்கணுமாம்."

ஜனார்த்தனன் பேனையை வைத்தார். சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார். "மாப்ள, விலைமனு குடுக்கப்போறவங்க சொல்றத விவரக்கூற்றுல போடவே கூடாது. அவங்க கிட்ட இருக்கிற சாமானுக்கு நாம எழுதிக் குடுத்த மாதிரி ஆகிடும். இதனாலதான் எத்தனையோ பேரு வேலைய இழந்திருக்காங்க."

"நீங்கதான் பென்சனாச்சே" என்றாள் பரிமளம் தட்டத்தை எடுத்துக்கொண்டே.

"படம் திரையிலதானேண்ணே வரும்" என்று மோகனராஜ் ஆறுதலாகச் சொன்னான். "திரைதான் நான் குடுத்திருக்கேனே."

செவ்வாய்க்கிழமை முழுக்கச் செல்லப்பா விலைமனு சேகரித்தார். நகரத்தில் ஒரு மாடிக் கடை. அங்கே விளக்குகள் கொம்பியூட்டருக்குள் எரிந்தன, படிக்கட்டில் எரியவில்லை. பிறகு அக்குறணை. பிறகு திரும்பி வந்து பஸ் மாறிக் கலகெதர. அங்கே மின்விசிறியும் பிளாஸ்டிக் கதிரையும் விற்கும் கடையொன்றின் மூலையில் கொம்பியூட்டர் சாமானும் இருந்தது. மூன்று கடையிலும் விவரக்கூற்றின் பிரதியைக் கொடுத்து, விலையை எழுதிக் கவரில் போட்டு ஒட்டித் தரும்படி கேட்க வேண்டியிருந்தது. ஓர் ஆலைக்கு இயந்திரம் வாங்குபவரைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, ஒரு புரொசெசர் என்று தெரிந்ததும் வேறுவிதமாகப் பார்த்தார்கள்.

"கவரா?" என்றாள் ஜஹானா. "ஒன்டுக்கா?"

"முறை அப்படிம்மா."

அவள் தாளை வாசித்தாள். "இதுல படம் பத்தி ஒன்டுமே இல்லையே அங்கிள்."

"தெரியும்."

அவள் அவருடைய முகத்தை ஒருமுறை பார்த்தாள். விலையை எழுதினாள். அடியில் இன்னொரு வரி எழுதினாள். கடையில் கவர் இல்லை. பக்கத்துப் பேக்கரியில் மிஞ்சிக் கிடந்த கல்யாண அழைப்பிதழ்க் கவர் ஒன்றை வாங்கி வந்து, ஓரத்தில் தங்க நிறப் பூ போட்ட அந்தக் கவரில் விலைமனுவை வைத்து ஒட்டிக் கொடுத்தாள்.

புதன்கிழமை பிற்பகல் சரியாக இரண்டு மணிக்கு விலைமனுக்கள் திறக்கப்பட்டன. விலைமனுதாரர்களின் பிரதிநிதிகளுக்கென மூன்று கதிரைகள் போடப்பட்டிருந்தன. யாரும் வரவில்லை. இரண்டே கால் வரை பார்த்துவிட்டு, அதில் ஒன்றில் பரிமளம் போஞ்சிக் காய் ஆய உட்கார்ந்தாள்.

நகரம் நாற்பத்தோராயிரம். அக்குறணை நாற்பத்தி நாலாயிரம். கலகெதர முப்பத்தி மூவாயிரம். மூன்றும் ஆறு கோர். மூன்றும் பன்னிரண்டு த்ரெட்.

"இதுல கீழ என்னமோ எழுதியிருக்கு" என்று தங்கப் பூக் கவரின் தாளை ஜனார்த்தனன் கண்ணாடிக்குக் கிட்டக் கொண்டுபோனார். வாசித்தார். "'இதில் படம் உள்ளே இருக்கிறது. மற்றவற்றுக்கு வேறாகக் கார்ட் வாங்க வேண்டும். தயவுசெய்து கவனிக்கவும்.'"

பரிமளம் இன்னொரு போஞ்சியை ஒடித்தாள்.

"கேக்காத விஷயத்த எழுதியிருக்காங்க" என்றார் தலைவர். "அதுக்குப் புள்ளி குடுக்க ஏலாது. அதோட, போட்டியாளர்களப் பத்திக் குறிப்பு எழுதினது ஒழுங்கீனம். பாக்கப்போனா இந்த விலைமனுவ நிராகரிக்கவே வேணும். நான் அந்த அளவுக்குப் போகல்ல."

"பெரிய மனசு அண்ணே ஒங்களுக்கு" என்றான் மோகனராஜ்.

செல்லப்பா அந்தத் தாளைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கியிருந்தது. ஒரு வரியில் எழுதப்பட்டிருந்த, பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் விளங்கக்கூடிய விஷயம். எழுந்து நின்று, இது என் காசு, என் லீவு, நான் அக்குறணைக்குப் போகிறேன் என்று சொன்னால் முடிந்தது. ஆனால் அப்படிச் சொன்னால் மச்சான் விளக்கம் சொல்வார். விளக்கத்துக்கு விளக்கம் கேட்க வேண்டும். பிறகு மச்சான் மனம் நொந்துபோவார், அதைப் பரிமளம் ஒரு மாதத்துக்கு எடுத்துச் சொல்வாள். இருபத்திரண்டு வருடம் கருமபீடத்துக்குப் பின்னால் இருந்த மனிதருக்கு, மற்றவர் பேசி முடிக்கும்வரை காத்திருப்பது மட்டுமே பழக்கமான வேலை. காத்திருந்தார்.

"நிபந்தனைக்கு அமைந்த ஆகக் குறைந்த விலை: கலகெதர" என்று ஜனார்த்தனன் எழுதிக் கையெழுத்துப் போட்டார். "நாப்பத்தஞ்சாயிரம் ஒதுக்கினீங்க. முப்பத்தி மூணுல முடிச்சிருக்கேன். மீதப்படுத்தல் பன்னெண்டாயிரம். இதுதான் மாப்ள முறை."

வியாழக்கிழமை கலகெதரயில் மழை. கடை முதலாளி பில்லில் முத்திரை குத்தினார்: விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படமாட்டாது. மூன்று மொழியிலும் இருந்தது. கேட்டதையே அவர் கொடுத்தார். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை.

வெள்ளிக்கிழமை பொருத்தும் வைபவம். பரிமளம் பெட்டியின் நெற்றி என்று தோன்றிய இடத்தில் சந்தனம் வைத்தாள். மோகனராஜ் மெல்பேர்ன் மகன் அனுப்பிய காணொளியைப் பார்த்துப் பார்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு புரொசெசரை உட்கார வைத்தான். சுவிட்சைப் போட்டதும் விசிறி சுழன்றது. உள்ளே நீலமும் பச்சையுமாக விளக்கு எரிந்தது. ஜனார்த்தனன் கைதட்டினார்.

திரையில் 'சிக்னல் இல்லை' என்று ஆங்கிலத்தில் ஒரு சின்னப் பெட்டி அங்கும் இங்கும் மிதந்தது. பிறகு அதுவும் அணைந்து கறுப்பானது.

"கொஞ்சம் பொறுங்க. சூடாகணும்" என்றான் மோகனராஜ்.

சூடானது. ஒன்றும் வரவில்லை. வயரைக் கழற்றி மாட்டினார்கள். திரையின் முதுகில் தட்டினார்கள். மோகனராஜ் மகனுக்கு வட்ஸ்அப்பில் அழைத்தான். மகன் அங்கிருந்து ஏதோ கேட்டான். மோகனராஜின் முகம் மாறியது. போனை வைத்துவிட்டு, "அந்தக் கார்டு... அதையும் அவன் கொண்டு போய்ட்டானாம். எனக்குச் சொல்லலண்ணே" என்றான்.

எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். ஜனார்த்தனன் அசரவில்லை. குனிந்து விசிறி சுழல்வதைப் பார்த்தார்.

"செயலி செயல்படுகிறதா?"

"செயல்படுது அண்ணே. ஆனா..." என்றான் மோகனராஜ்.

"அப்ப நம்ம பெறுகை சரி. படம் இந்தக் கோப்போட எல்லைக்கு வெளிய." கோப்பில் 'திருப்திகரமாகப் பொறுப்பேற்கப்பட்டது' என்று எழுதிச் செல்லப்பாவிடம் நீட்டினார். செல்லப்பா கையெழுத்துப் போட்டார். ஜனார்த்தனன் பையிலிருந்து இன்னொரு கோப்பை எடுத்தார். புதியது. வரும்போதே இரண்டு வாங்கி வந்திருந்தார். "பெறுகை இலக்கம் 02: படம். மாப்ள, அடுத்த கிழமைல மூணு விலைமனு எடுப்போம்."

"அடுத்த கிழம லீவு இல்ல மச்சான்."

"அப்ப சனிக்கிழமைகள்ல எடுப்போம். அவசரப்பட்டாத்தான் பிழை வரும்."

அவர்கள் போன பிறகு செல்லப்பா கறுப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். அதில் அவருடைய முகம் தெரிந்தது. அதைப் பார்க்க அவர் முப்பத்தி மூவாயிரம் செலவழித்திருக்கத் தேவையில்லை.

சனிக்கிழமை காலை, யாருக்கும் சொல்லாமல், பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு மாத்தளை பஸ்ஸில் உட்கார்ந்தார். கொண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கட் போட்டான். செல்லப்பா முறைப்பாடு செய்யவில்லை.

ஜஹானா பக்கத்து மூடியைக் கழற்றினாள். பார்த்தாள்.

"நான் எழுதினேனே அங்கிள்."

"வாசிச்சோம்."

"மறுகா?"

"குழு ஏத்துக்கல்ல."

அவள் சிரிக்கவில்லை. அதற்காகவே செல்லப்பாவுக்கு அவள் மேல் ஒரு மரியாதை வந்தது. "செரி. இப்ப செல்லுங்க. உண்மையிலேயே எந்த கேம்?"

கடையில் வேறு யாரும் இல்லை. ஐந்து நாள் லீவும் முடிந்துவிட்டிருந்தது. மறைத்து வைக்க இனி ஒன்றும் மிச்சமில்லை.

"லொறி ஓட்டுறது" என்றார்.

"லொறியா! அதுக்கா ஆறு கோர்?" ஜஹானா ஸ்க்ரூட்ரைவரைக் கீழே வைத்தாள். "அன்டைக்கே செல்லீந்தா பழைய நாலு கோர் ஒன்டு தந்தீப்பேனே. படத்தோட ஈக்கி. பதினோராயிரம். எங்கட வாப்பாவும் அதத்தான் ஓட்டுற. அசர் தொழுதுட்டு வந்து உக்காந்தா உம்மா கூப்புட்டாலும் கேக்காது. அன்டைக்கு இங்கன நின்டாரே, சார்ஜர் எடுக்க வந்து."

அந்த ஹாஜியார்.

செல்லப்பா பர்சை எடுத்தார். மச்சான் மீதப்படுத்திக் கொடுத்த பன்னிரண்டாயிரமும் அதில் அப்படியே இருந்தது. ஜஹானா நான்கு நிமிடத்தில் பழைய புரொசெசரைப் போட்டாள். கடைத் திரையில் மாட்டியதும் படம் வந்தது. மோகனராஜின் மகன் விட்டுப்போன டிஸ்க்கில் லொறியும் பத்திரமாக இருந்தது. மீதிக் காசு பஸ்ஸுக்கும், கட்டுக்கலைச் சந்தியிலிருந்து த்ரீவீலுக்கும் சரியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை கோயிலுக்கு வந்த ஜனார்த்தனன் எட்டிப் பார்த்தார். திரையில் படம். அவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"பாத்தீங்களா மாப்ள! நான் சொன்னேன்ல. தரமான சாமான் சூடாகக் கொஞ்சம் நேரமெடுக்கும்." அன்றைக்கே இரண்டாவது கோப்பில் 'தேவை எழவில்லை' என்று எழுதி மூடினார். மாலையில் இரண்டு பேர் அவருக்குப் போன் செய்து, புரொசெசர் தெரிவுசெய்வது பற்றி ஆலோசனை கேட்டதாகப் பரிமளம் பிறகு சொன்னாள்.

அவளுக்கு மட்டும் ஒரு சந்தேகம் இருந்தது. சேலை எடுக்க அலுமாரியைத் திறந்தபோது கூறைச் சேலைக்கு அடியில் ஒரு சின்னப் பெட்டி தட்டுப்பட்டது.

"இது என்னாங்க?"

"புரொசெசர்."

"அப்ப அதுக்குள்ள இருக்கிறது?"

"அதுவும்."

பரிமளம் அவரையும் பெட்டியையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்து, மேலே சேலையை இழுத்துவிட்டு, அலுமாரியைச் சாத்தினாள். "அண்ணனுக்குத் தெரிய வேணாம்" என்றாள். அந்த ஒரு வாரத்தில் அவர் மனம் இளகிய ஒரே இடம் அதுதான்.

பிற்பகல் நான்கு மணிக்குச் செல்லப்பா கதவைச் சாத்திக்கொண்டு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். ஐந்து நாள் லீவு போக, கையில் இரண்டு மணித்தியாலம் மிச்சம். அதே லொறி. அதே கோதுமை மா. நீளமான வீதி. கண்ணாடியில் தூறல் விழ, வைப்பர் அதைத் துடைத்தது. அவர் அவசரப்படவில்லை. நாற்பதுக்கு மேல் போகவில்லை. பின்னால் வந்த வாகனங்களெல்லாம் முந்திக்கொண்டு போயின; போகட்டும் என்று விட்டார். ஒரு பாலத்தில் நிறுத்தி ஆற்றைப் பார்த்தார். தோள் கொஞ்சம் இறங்கியது. பரிமளம் ஒருமுறை கதவு வரை வந்து, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனாள். ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால், முதல் தடவையாக, ஊர் வந்து சேர்ந்தது. களஞ்சியத்தின் முன் லொறியைப் பின்பக்கமாக எடுத்து, கோட்டுக்குள் ஒழுங்காக நிறுத்தி, என்ஜினை அணைத்தார்.

திரையில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. செல்லப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

சரக்கு தாமதமாக வந்ததாக வாடிக்கையாளர் முறைப்பாடு செய்திருந்தார்.